சதுர அடிக்குத் தமிழ்: நெய்க்காரப்பட்டி வட்டாரத்துக் கூலி எழுத்தைப் பற்றிய ஓர் ஆய்வு

காசு கொடுத்து எழுதச் சொல்லும் எந்த எழுத்தாக இருந்தாலும், கேட்கிறவருக்கு மூன்று ஆசைகள் உண்டு: வெரசாக வேண்டும், நன்றாக வேண்டும், மலிவாக வேண்டும். மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கொள்கை. பழனிக்குப் பக்கத்தில், நெய்க்காரப்பட்டியை ஒட்டிய பிளெக்ஸ் கடை உரையாடல் ஒன்றோடு இக்கொள்கை பொருந்தவில்லை. இக்கட்டுரையின் தோற்றுவாய் அதுவே.

"ஏனுங்ணா, நாளைக்கு வெள்ளென காதுகுத்து. நல்லா நாலு வரி போட்டு வெரசா அடிச்சுக் குடுங்க. ரேட்டு மட்டும் பாத்துப் போடுங்க."

"வரியெல்லாம் நானே போட்டுர்றேன் தம்பி, அதுக்குக் காசு வேண்டாம். சைஸு சொல்லுங்க."

முன்னோர் எவரும் கவனிக்காத உண்மை இங்கே ஒளிந்திருக்கிறது. பிளெக்ஸில் எழுத்துக்கு விலையே இல்லை. விலை சதுர அடிக்கு. பத்துக்கு எட்டு என்றால் எண்பது சதுர அடி. அதில் ஒரு சொல் இருந்தாலும் நூறு சொல் இருந்தாலும் தொகை மாறாது. எனவே சொற்கள் கூடக்கூட ஒரு சொல்லின் அடக்கவிலை பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறது. கணக்கறிந்த தாய்மாமன் எவரும் காலி இடத்தை விட்டுவைப்பதில்லை. பங்காளிகள், சம்பந்திகள், நண்பர் குழு, ஊரில் இல்லாத ஒன்றுவிட்ட அண்ணன் என்று விளிம்புவரை நிரப்புகிறார். 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்ற தொடர், வாழ்த்த வயது தாராளமாக உள்ளவர்கள் பெயரிலும் வருவதன் காரணம் இதுவே. கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது; புதிதாக யோசித்தால் நேரமாகும்.

இதிலிருந்து நாம் வகுக்கும் கருதுகோள்: கூலி எதை அளந்து தரப்படுகிறதோ, நடை அதன் பின்னால் போகும். வேகம், தரம், செலவு மூன்றும் அப்புறம்தான்.

சான்றுக்குப் பத்திரத்தைப் பார்ப்போம். முத்திரைத்தாள் பல இருந்தால், ஒவ்வொரு தாளிலும் ஆவணத்தின் ஒரு பகுதியாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. சொத்தின் மதிப்பு ஏற, முத்திரைத்தீர்வை ஏறும், தாள்கள் பெருகும், அவற்றுக்கு ஈடாக உரைநடையும் நீண்டாக வேண்டும். இரண்டு செண்ட் விற்றவர் நாலு வரியில் முடிக்கலாம். தென்னந்தோப்பை விற்றவரின் பத்திரத்திலோ கிணறும் மோட்டாரும் வண்டித்தடமும் மாமூல் பாத்தியமும் மூச்சுவிடாமல் ஒரே வாக்கியத்தில் நடந்துபோகும். இதைப் பத்திர எழுத்தரின் நடைக்குறை என்பவர் தாள்களை எண்ணிப் பார்க்காதவர்.

இதற்கு நேர் எதிர் தந்தி. அங்கே கூலி சொல்லுக்கு. ஆகவே வேற்றுமை உருபுகள் முதலில் செத்தன, பிறகு மரியாதை செத்தது. கல்யாண வாழ்த்துக்குத் துறையே வாசகங்களை எழுதி எண் போட்டு வைத்திருந்தது. அனுப்புகிறவர் எண்ணைச் சொன்னால் போதும், மணமக்களுக்கு முழு வாசகமும் போய்ச் சேரும். வேகமும் மலிவும் அப்படி ஒருசேர அமைந்த இலக்கிய வகை நம்மிடம் வேறில்லை. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனதால் அதன் தரம் குறித்த ஆய்வு முற்றுப்பெறவில்லை.

'பழைய புலவர்கள் காசுக்கா பாடினார்கள்?' என்று கேட்பவர் உண்டு. காசுக்கும்தான் பாடினார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஊரார் கேட்டுக்கொண்டபடி இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடினார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய மாணவர்களின் கைதான் ஓய்ந்தது, பாட்டு ஓயவில்லை என்பது உ.வே.சா. எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். வேகம் உண்டு, தரம் உண்டு. கொள்கைப்படி விலை எகிறியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளையவர்கள் கடைசிக் காலத்தில் கடனோடுதான் இருந்தார். பழனியிலேயே மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) இருந்தார். சிறு வயதில் அம்மையால் பார்வை போனவர். கேட்ட மாத்திரத்தில் ஆசுகவி பாடியவர். ஆனால் அவர் புகழ் ஓங்கியது ராமநாதபுரத்தில். பக்கத்து ஊர்க்காரனுக்கு யார் கூலி கொடுப்பார்?

இவ்விருவருக்கும் அளவுகோல் இல்லை என்பதே சிக்கல். சதுர அடி இல்லை, தாள் இல்லை, சொல் எண்ணிக்கை இல்லை. புரவலரின் மனநிலை ஒன்றே அளவு. அது அன்றைக்கும் ஜி.எஸ்.டி.க்குள் வராது, இன்றைக்கும் வராது.

அளவுகோல் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், வெல்லத்தைப் பார்க்கவேண்டும். இந்த வட்டாரம் கரும்பும் வெல்லமும் அறிந்த வட்டாரம். வாங்குகிறவர் நிறத்தைப் பார்த்து விலை சொன்னதால், நிறம் வெளுக்க ரசாயனம் போடும் பழக்கம் தமிழ்நாட்டு ஆலைகள் சிலவற்றில் வந்தது. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்கு வந்தது. நல்ல கருப்பட்டி நிறத்து வெல்லம் மூலையில் கிடந்தது. பளபளப்புக்குக் காசு என்றால் பளபளப்பு வரும். கட்டுரைக்குப் பக்கக் கணக்கில் கூலி தரும் ஆசிரியர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு களத்தில் தென்பட்டது: கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கெடு இரண்டு மணி நேரம், எவரும் பேரம் பேசுவதில்லை, பிழைதிருத்தம் மட்டும் பிரமாதம். மேலே உள்ள இரங்கல் வாசகத்தில் 'ஆழ்ந்த' என்பது 'ஆழந்த' என்று வந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. கீழே 'இவண்' என்பதற்குப் பின்னால் வரும் பெயர்வரிசையை மட்டும் நாலு பங்காளிகள் செல்போனில் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். மூத்த மகனுக்கு முன்னால் மருமகன் பெயர் வந்துவிட்டால், இழவு வீடாக இருந்தாலும் பிளெக்ஸ் திரும்ப அடிக்கப்படுகிறது. அந்த இரண்டாவது பிளெக்ஸுக்கு யார் காசு கொடுப்பது என்பதில் கடைக்காரரும் மருமகனும் இன்னும் ஒத்துப்போகவில்லை.