நாக்கு சுருளாத குடும்பம்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மரபியலைச் செய்துபார்த்துக் கற்க வேண்டும் என்று ஒரு தாள் வீட்டுக்கு வந்தால், செய்ய வேண்டியது அப்பா, பார்க்க வேண்டியது பிள்ளை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

முதலில் வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. பழத்தை மசித்து, உப்பு, தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து வடிகட்டி, ஜில்லென்ற ஸ்பிரிட்டை டம்ளர் ஓரமாக மெதுவாக ஊற்ற வேண்டும். சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வை உடைக்கும்; ஸ்பிரிட்டில் கரையாத டி.என்.ஏ. வெள்ளையாகத் திரண்டு வரும். ஃப்ரீசரில் இருந்த பாட்டிலை முதலில் பார்த்தது மாமியார்தான். "பேத்தி படிப்புக்கு, அத்தை" என்றேன். "குடிக்கிறவங்க எல்லாரும் ஏதோ ஒண்ணுக்குன்னுதான் சொல்றாங்க" என்றார்.

இழை வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. "மூக்குச்சளி மாதிரி இருக்கு" என்று மனைவி போய்விட்டாள்.

அடுத்தது நாக்கு. நாக்கைச் சுருட்டுவது ஓங்கு பண்பாம். அப்பா, அம்மா இருவருக்கும் சுருளாவிட்டால் பிள்ளைக்கும் சுருளாது என்று தாளில் அச்சடித்திருந்தது. ஹாலில் வரிசையாக உட்கார்ந்து நீட்டினோம். எனக்குச் சுருளவில்லை. மனைவிக்கும் சுருளவில்லை. மகள் அழகாகச் சுருட்டிக் காட்டினாள். மாமியார் என்னைப் பார்த்தார், நான் மனைவியைப் பார்த்தேன், அவள் திருப்பிப் பார்த்த பார்வையில் நான் தரையைப் பார்த்தேன்.

ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1940-இல் அப்படிச் சொன்னவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட். 1913-இல் பழ ஈக்கு முதல் மரபணு வரைபடம் போட்ட பெரிய ஆள். 1952-இல் வேறொருவர் ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையர்களைச் சோதித்தபோது, 33 ஜோடிகளில் 7 ஜோடிகளில் ஒருவருக்குச் சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. மரபணு ஒன்று, நாக்கு வேறு! ஸ்டர்டெவன்டே பிற்பாடு அந்தக் கணக்கைக் கைவிட்டார். பள்ளித் தாள்கள்தான் இன்னும் விடவில்லை.

விடிந்ததும் எல்லோரையும் கூட்டி இதை அறிவித்தேன். "யாரு சந்தேகப்பட்டா?" என்றாள் மனைவி. "உங்க நாக்கைத்தான் பார்த்தேன் மாப்பிள்ளை, ஒரே வெள்ளையா இருக்கு. சீரகத் தண்ணி குடிங்க" என்றார் மாமியார்.

உங்களுக்கும் அந்தத் தாள் வந்தால் நாக்குப் பக்கம் போகாதீர்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என இரண்டு நாணயங்களைச் சேர்த்துச் சுண்டச் சொல்லுங்கள்; தலை என்றால் ஓங்கு பண்பு. நிறையத் தடவை சுண்டினால், ஏறக்குறைய நாலுக்கு மூன்று தடவை ஒரு தலையாவது விழும். பட்டாணிச் செடி வளர்த்து மரபு விதிகளைக் கண்ட மெண்டலின் 3:1 விகிதம் அவ்வளவுதான். அவருக்கு உருண்டைப் பட்டாணி 5,474, சுருங்கியது 1,850 கிடைத்தது. நிம்மதியாக எண்ணியிருக்கிறார், பட்டாணிக்கு மாமியார் கிடையாது.