சுட்டவர் யார்? பெல்லட் ஸ்மோக்கர் ஸ்டேக்கில் வினைமுதல் குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்க வீட்டுக் கொல்லைப்புறத்தில், சனிக்கிழமை மாலைகளில், புகைபோக்கி வைத்த இரும்புப் பெட்டி ஒன்றின் அருகே இடுக்கியும் கையுமாக ஓர் ஆண் நிற்பதைக் காணலாம். அவர் ஏன் நிற்கிறார் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் கருவி, அதாவது பெல்லட் ஸ்மோக்கர். ஒரேகான் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்னும் சிற்றூரின் ஜோ ட்ரேகர் இதற்கு 1986இல் காப்புரிமை பெற்றார். அது 2006இல் காலாவதியானதும் ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினர். எரிபொருள், அழுத்திக் குச்சியாக்கிய மரத்தூள். பசை வேண்டாம், சூட்டில் இளகும் மரத்தின் லிக்னினே ஒட்டிவிடும். தொட்டியில் கொட்டிவிட்டால் திருகுதண்டு ஒன்று குச்சிகளைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும். மின்கம்பி பழுத்துப் பற்றவைக்கும். விசிறி ஊதும். கட்டுப்பாட்டுப் பெட்டி சூட்டைக் கூட்டும், குறைக்கும். ஆக, விறகிட, பற்றவைக்க, ஊத, பார்த்துக்கொள்ள என நால்வர் உளர். நிற்பவர் ஐந்தாமவர்.

பிளக்கைப் பிடுங்கினால் அணைவது அடுப்பாகாது, மின்சார அவனே ஆகும் என்பர் கரிக்கட்சியார். எரிவது மரமே, மின்சாரம் ஏவலாள் மட்டுமே என்பர் குச்சிக்கட்சியார். இருவரும் ஸ்டேக்கைத் தின்றுகொண்டே வாதிடுவதால் இவ்வழக்கு தீராது என்க.

இனி வினைமுதல். கோயிலைக் கட்டியவன் கொத்தனாயினும் அரசனும் கட்டியவனே; முன்னவன் இயற்றுதற் கருத்தா, பின்னவன் ஏவுதற் கருத்தா என்பது நம் இலக்கணம். 225 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பொத்தானை அழுத்திய வகையில் நம்மவர் அரசரே. ஆனால் அரசர் கொத்தன் பக்கத்தில் நின்றாரா? மேலும், இன்றைய கருவிகள் பலவற்றைச் சோபாவில் கிடந்தபடி கைபேசியிலேயே ஏவலாம்.

நாய்க்குக் காவல் நிற்கிறார் எனின், பொருந்தாது, மூடி கனமானது. புகை வாசத்துக்கு எனின், அதை வீட்டுக்குள்ளிருந்தும் முகரலாம். களஆய்வில் தெரிந்தது இதுவே: அவர் மூடியைத் திறந்து பார்க்கிறார். திறக்குந்தோறும் சூடு இறங்குகிறது. நால்வரும் கூடுதலாக உழைக்கிறார்கள். சமையலில் அவர் பங்கு, தாமதம்.

அவருக்கும் ஒரு வேளை வரும். உள்சூடு 115 டிகிரியைத் தொட்டதும் ஸ்டேக்கை எடுத்துக் கடுஞ்சூட்டில் இருபுறமும் முறுகவிட வேண்டும். முதலில் முறுகவிட்டால் சாறு உள்ளே அடைபடும் என்று 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் சொன்னது பிழை, முறுகல் அணையன்று. 1912இல் வேதியியலாளர் மயார் விளக்கிய வினையால் எழும் நிறமும் சுவையுமே அது. இளஞ்சூட்டில் மேற்பரப்பு உலர்ந்த ஸ்டேக் விரைவில் முறுகும் என்பதால் முறுகலைக் கடைசிக்கு வைப்பதே முறை. இங்கேதான் கருவிக்குச் சங்கடம். பல ஸ்மோக்கர்களில் தீக்கு மேல் தகடு இருக்கிறது; 500 டிகிரியைத் தொடவே திணறும்.

எனவே அவர் சமையலறைக்குப் போகிறார். காஸ் அடுப்பில் வார்ப்பிரும்புச் சட்டியைக் காயவைத்து, மனைவி சன்னலைத் திறக்கச் சொல்லிக் கத்த, பக்கத்துக்கு ஒரு நிமிடம் முறுகவிடுகிறார். விருந்தினர் வியக்கவிருப்பது இந்த முறுகலைத்தான். இதற்கு மட்டும் அவரே இயற்றுதற் கருத்தா. பிறகு ஸ்டேக்கைத் தட்டில் வைத்து, பின்கதவு வழியே கொல்லைக்குப் போய், ஸ்மோக்கர் மூடியை ஒருமுறை ஓசைப்பட மூடிவிட்டு, அங்கிருந்து மேசைக்கு எடுத்து வருகிறார்.