என் வீடு ஒன்றுக்கும் உதவாது

ஒரு மனிதரின் வீட்டைப் பற்றி மகா கேவலமாகக் கேட்க ஆசையா? அவரோடு கோபித்துக்கொண்ட சம்பந்தியைத் தேடிப் போகவேண்டாம். சோலைவரி ஆட்சேபணை விசாரணைக்குப் போங்கள். வீட்டுக்காரரே தன் வாயால் சொல்லுவார்.

நுகேகொடையில் எங்கள் ஒழுங்கைக்குக் கார்பட் போட்டு, கானுக்கும் கொங்கிறீட் மூடி வைத்த பிறகு வந்தது அந்தக் கடிதம். வீட்டின் வருடாந்தப் பெறுமதியைக் கூட்டியிருக்கிறார்கள். ஆட்சேபிக்க விரும்பினால் எழுத்தில் தரலாம். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். நுகேகொடை என்று முகவரி எழுதுபவர்களில் சிலர் கோட்டே மாநகர சபைக்கும், சிலர் தெஹிவளை–கல்கிசைக்கும், சிலர் மஹரகம நகர சபைக்கும் வரி கட்டுகிறார்கள். யாரைச் சொன்னாலும் மற்ற இருவரும் சிரிப்பார்கள்.

வருடாந்தப் பெறுமதி என்பது 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் எழுதிய ஒரு சிறுகதை. உங்கள் வீட்டில் ஒரு வாடகைக்காரர் குடியிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அவர் நியாயமாக ஒரு வருடத்துக்கு எவ்வளவு கொடுப்பாரோ, அதில்தான் வரி கணக்காகும். எங்கள் பின்னறையில் இருப்பவர் மாமியார். அவரிடம் வாடகை என்ற சொல்லை எடுக்க எனக்குத் தைரியமில்லை. சட்டத்துக்கு இருக்கிறது.

விசாரணை நாளன்று ஒழுங்கை முழுவதும் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. முதலில் எழுந்தவர் எதிர்வீட்டு மாத்தயா. இந்த வீதியைத் திருத்தித் தாருங்கள் என்று வருடக்கணக்காக மனு எழுதியவரே அவர்தான். "குழி இருந்த காலத்தில் நிம்மதியாக நித்திரை கொண்டோம் சேர். இப்போது மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன" என்றார். மூலைவீட்டு அன்ரி கூரை ஒழுகும் படங்களைக் கொண்டுவந்திருந்தார். அதற்கடுத்த வீட்டுக்காரர் தன் வீட்டில் கறையான் இருப்பதைப் பட்டம் வாங்கிய பிள்ளையைப் போல் பெருமையாக அறிவித்தார். நான் என் பங்குக்குச் சமையலறைச் சுவரின் வெடிப்பைச் சொன்னேன். வீட்டில் அதை வெடிப்பு என்று மனைவி சொல்லும்போதெல்லாம் "அது கோடு" என்று மறுத்தவனும் நான்தான்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசையில் இருந்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வாசித்தார்: கார்பட் வீதி, வெள்ளம் வராத இடம், ஹைலெவல் வீதிக்கு இரண்டு நிமிட நடை, அமைதியான சூழல், மேல்மாடி வாடகைக்கு. மாத்தயாவின் தொலைபேசி இலக்கம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

வீதி வந்தால் வீட்டின் பெறுமதி கூடும் என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் ஒரு காலத்தில் ரயில் பாதையோடு முடிந்துவிடும். மரைன் டிரைவ் வந்தது, கடைசி வீடு முன்வீடாயிற்று, தொடர்மாடிகள் எழும்பின. முன்பு ரயில் சத்தத்துக்காக வாடகை குறைத்துக் கேட்ட இடத்தில், இன்று கடற்காட்சிக்காகக் கூட்டிக் கேட்கிறார்கள். ரயில் அதே ரயில்தான்.

வீதிக்காக இதைவிடக் கொடிய வரியையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 1848இல் டொரிங்டன் தேசாதிபதியின் ஆட்சியில், ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. நாய்க்கும் துவக்குக்கும்கூட வரி. மாத்தளையில் கலகம் வெடித்தது. கலகத் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றைய மக்கள் கலகம் செய்தார்கள். நாங்கள் போட்டோகொப்பி எடுத்தோம். ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு என்றதும் எங்கள் புரட்சி கியூவில் நிற்கும்.

எண்ணிப் பார்த்தால், ஆறு நாள் மண்வெட்டி பிடிக்கச் சொன்னால் எங்கள் ஒழுங்கையில் எத்தனை முதுகு தேறும்? கட்டுவதுதான் மலிவு. ஆனால் கட்டுவதற்கு முன் வீட்டை நன்றாகத் திட்டிவிட்டுக் கட்டுவது உடம்புக்கு நல்லது.

எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்தார்கள், மாத்தயாவைத் தவிர. திருப்தியில்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் போகலாம் என்றார் அதிகாரி. சட்டத்தரணியின் கட்டணத்தை விசாரித்த மாத்தயா வரியை நியாயமானது என்று ஒப்புக்கொண்டார். இப்போது ஒழுங்கைக்குத் தெருவிளக்கு கேட்டுப் புதிய மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்கிறார். நாங்களும் வைத்துவிட்டோம். அடுத்த மதிப்பீட்டில், வெளிச்சத்தால் கண் கூசி நித்திரை வருவதில்லை என்று சொல்வதற்கு அன்ரி இப்போதே தயார்.