டிரம் மேனி விசாரம்

உலகத்தில் அநேக வஸ்துக்களைப் பற்றி அநேக ஆராய்ச்சிகள் வெளிவந்திருக்க, மனிதன் விடியற்காலையில் எழுந்து கொல்லைக்குப் போனதும் எதன் முகத்தில் விழிக்கிறானோ, எதற்குள் சொம்பை விட்டு மொண்டு தன் முகத்தைக் கழுவிக்கொள்கிறானோ, அந்தத் தண்ணீர் டிரம்மைப் பற்றி மட்டும் பண்டிதர் ஒருவரும் வாய் திறவாதிருப்பது என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வந்திருக்கிறது. அதன் வயிறு நிரம்புவதும் நிரம்பாததும் முனிசிபாலிடியின் சித்தம். ஆனால் அதன் மேனியின் மெருகைக் காப்பது இல்லறத்தானின் கடமையாதலால், அக்கடமையை எங்கள் குடும்பத்தார் நிறைவேற்ற முயன்ற வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு இச்சிற்றாராய்ச்சியை எழுதத் துணிந்தேன்.

முதலில் பதவிசாரம். ‘டிரம்’ என்ற சொல்லுக்கு ஆங்கில அகராதி முரசு என்றும் பீப்பாய் என்றும் இரு பொருள் கூறுவதைக் கண்டு, இது வெள்ளைக்காரனுக்கு ஏற்பட்ட சொற்பஞ்சம் என்றே எண்ணியிருந்தேன். பிறகுதான் நம்முடைய குடமுழா நினைவுக்கு வந்தது. திருவாரூர்க் கோயிலில் வெண்கலக் குடத்துக்கு ஐந்து வாய் வைத்து, ஐந்துக்கும் தோல் கட்டி வாசிக்கும் பஞ்சமுக வாத்தியத்தைக் கண்டவர்கள், குடமும் முழவும் ஒரே குலம் என்பதை மறுக்கமாட்டார்கள். திரினிடாத் தீவினரோ இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய வருஷங்களில், காலியான எண்ணெய் டிரம்மின் அடித்தகட்டைக் குழியாகத் தட்டிச் சுருதி சேர்த்து, ‘ஸ்டீல் பான்’ என்று அதை ஒரு வாத்தியமாகவே ஆக்கிவிட்டார்கள். 1951இல் அவர்களுடைய கோஷ்டி ஒன்று இங்கிலாந்து தேசத்துப் பெருவிழாவுக்குப் போய் வாசித்தும் வந்தது. இப்போது அதற்குக் குரோமிய முலாம் பூசி, தொட்ட கையின் வியர்வை உப்பு தங்காதபடி மெல்லிய துணியால் துடைத்து உறையிலிட்டு வைக்கிறார்களாம். எங்கள் வீட்டு டிரம்முக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இனி நூற்பிரமாணம். புறநானூற்றின் 50ஆம் பாட்டுக்குப் பின்னுள்ள நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே: மோசிகீரனார் என்ற புலவர் களைப்பு மிகுதியால் முரசுகட்டிலில் ஏறித் தூங்கிவிட, அதற்காக அவரை வெட்டவேண்டிய சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, வாளை வைத்துவிட்டு அவருக்குக் கவரி வீசினான். அரசனுடைய பெருந்தன்மையை வியந்து வியந்து எழுதியவர்கள், கட்டில் அச்சமயம் ஏன் காலியாயிருந்தது என்ற மூல வினாவுக்கு உரிய மதிப்பைக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. முரசு நீராடப் போயிருந்தது! மேனியைப் பேணுவதற்காக முரசை வெளியே எடுத்துச் சென்றிராவிட்டால் புலவருக்குத் தூக்கமில்லை, அரசனுக்குக் கவரியில்லை, நமக்குப் பாட்டுமில்லை. அது தோல் போர்த்த மரமுரசு, உங்கள் டிரம்மோ தகரம் என்று யாரேனும் ஆட்சேபிப்பார்களானால், அந்த ஆட்சேபம் நியாயமானதே என்று ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

எங்கள் டிரம் ஜி.ஐ. என்னும் ‘கால்வனைஸ்டு’ இரும்பு ஜாதி. அதாவது, இரும்புத் தகட்டை ஏறக்குறைய 450 டிகிரிச் சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. 1837இல் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் உரிமை பெற்ற இம்முறைக்கு, தவளைக்காலைத் துடிக்கவைத்துப் பார்த்த கால்வானி என்ற இத்தாலிய வைத்தியரின் பெயரைச் சூட்டியிருப்பது முதலில் எனக்கு அசம்பாவிதமாகத் தோன்றியது. எங்கள் டிரம்மின் நிழலில் நெடுங்காலமாக ஒரு தவளை வாசம் செய்துவந்ததைக் கவனித்த பின் அந்த ஐயம் நீங்கிற்று. புதிதாக வந்தபோது துத்தநாகம் உறைந்த படிகங்கள் மேனியெங்கும் பூப்பூவாய்த் தெரிந்தன. சில மாதத்தில் அப்பூக்கள் மங்கி, சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் படர்ந்தது. காற்றும் ஈரமும் சேர்ந்து துத்தநாகத்தின் மேல் உண்டாக்கும் அப்படலமே அதற்குக் கவசம். கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் தான் முந்திக்கொண்டு அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும். குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால் அவரை எல்லோரும் எப்படி நடத்துவார்களோ, அப்படியே துத்தநாகத்தையும் நடத்தினோம்.

பாட்டி புளி மதத்தைச் சேர்ந்தவள். புளியிலுள்ள அமிலம் பித்தளை, செம்புகளின் களிம்பைக் கரைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடும் என்பது அவள் அண்டாக்களைப் பார்த்தவர்களுக்குப் பிரத்தியட்சம். “அண்டாவுக்கு ஆகிறது டிரம்முக்கு ஆகாதா?” என்ற அனுமானத்தின்மீது அவள் ஒரு வெள்ளிக்கிழமை டிரம்மைப் புளி போட்டுத் தேய்த்தாள். நுரை நுரையாகப் பொங்கியதைக் கண்டு, அழுக்கு போகிறது என்று அவள் மகிழ்ந்தாள், போனது துத்தநாகம். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பலும் செங்கல் பொடியுமாக வந்தாள். துத்தநாகத்துக்கு அமிலமும் பகை, காரமும் பகை என்ற இரசாயன ரகசியம் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

மாமா பெயிண்டு மதம். தம் தாயார் செய்த சேதத்தை மறைப்பதற்காக, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளிப் பெயிண்டை அவர் இரண்டு பூச்சுப் பூசினார். பத்து நாள் டிரம் கல்யாணப் பந்தல் தூண்போல ஜொலித்தது. எண்ணெயும் துத்தநாகமும் கூடினால் இடையில் ஒருவகைச் சவர்க்காரம் உண்டாகும் என்பதும், சவர்க்காரத்தின்மேல் எதுவும் நிலைத்து நிற்காது என்பதும் விஞ்ஞானம். மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்டு அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்தது. “ஏன்டா, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரியுதே!” என்றாள் பாட்டி. “நீங்க புளி போட்டுத் தேய்ச்ச டிரம்மும்மா அது” என்றார் மாமா. இந்த வாதம் ஒரு முழு மார்கழி நடந்தது.

கடைசியில் அடித்தகட்டிலிருந்து நீர் கசிய, ஓட்டை அடைக்கும் பெரியவர் வரவழைக்கப்பட்டார். அவர் எந்த நூலையும் புரட்டாமல் டிரம்மைச் சாய்த்து, விரல் கணுவால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே ‘டங்’ என்றது, நடுவிலும் ‘டங்’, அடியில் ‘டொக்’. “மேனிக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. ஈரத் தரையிலயே உக்காந்து அடி இத்துப்போச்சு. மேல தேய்ச்ச நேரத்துல கீழ ரெண்டு செங்கல் வெச்சிருக்கலாம்” என்றார். பிறகு பாட்டியின் கையைப் பார்த்து, “இனிமே சும்மா விட்டுடுங்க” என்று சேர்த்துக்கொண்டார். சும்மா இருத்தலைச் சித்தர்கள் முதலாகப் பலர் உபதேசித்திருக்க, ஈயப்பற்று வைக்கும் ஒருவர் அதை டிரம்முக்கும் உபதேசித்தது இத்துறையில் முதல் நூல் எனத் தக்கது. கூலி எட்டணாவுக்கு மேல் கேட்கவில்லை.

இப்போது டிரம் செங்கல்லின்மேல் நிற்கிறது. மூன்று கல் வைத்தால் ஆடாது என்று க்ஷேத்திரகணிதம் கூறினாலும், நான்கு வைத்தால்தான் லட்சணம் என்று மாமா நான்கு வைத்தார். அவற்றுள் ஒன்று சற்றுக் குட்டை. ஆகையால் விடியற்காலையில் யாரேனும் சொம்பை விடும்போதெல்லாம் டிரம் ஒருபுறம் சாய்ந்து ‘டங்’ என்று ஒலிக்கிறது. உடனே அடியிலிருந்து தவளை வெளியே குதித்து, சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்விடுகிறது.