வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள்

எங்கள் கண்மாயில் அப்போது ஊத்தா என்கிற மூங்கில் கூடையைக் குத்தினால், உள்ளே கிடப்பது என்ன மீன் என்பது கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். முன்னேற்றம் என்பது இதுதான் போலிருக்கிறது.

1971-இல் எனக்கு ஒன்பது வயது. சிவகங்கைச் சீமையில், சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் முழங்கால் அளவு வற்றியதும் மீன்பிடித் திருவிழா. பெரியவர் ஒருவர் மடையடியில் சாமி கும்பிட்டுவிட்டுக் கரையேறி நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தா, கச்சா, பரியோடு சேற்றில் பாயும். அய்யா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், ஊத்தாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல்வாய் வழியாக என் கையை உள்ளே விடச் சொல்வார். மூங்கில் சிம்பு முழங்கையில் உரசும். கீழே வெதுவெதுப்பான கலங்கல். ஏதோ ஒன்று டொக் டொக்கென்று முட்டும்.

"பயப்படாதடா. வழுக்குனா விரால். குத்துனா கெளுத்தி. ஒண்ணும் பண்ணலேன்னா கல்லு."

அன்று வீட்டுக்குப் போன பரியில் விரால், கெளுத்தி, குரவை, ஆரா, கெண்டை எல்லாம் கிடந்தன. அயிரையை மட்டும் அப்பத்தா தனியே பொறுக்கி, உயிரோடு பாலில் விட்டு, மண்ணைக் கக்கவைத்துத்தான் குழம்பில் போடுவார். மீனுக்கும் பால் வார்த்த காலம் அது.

அந்தப் பரியின் அடியில் ஊர் பேர் தெரியாத சப்பட்டை மீன்கள் நாலைந்தும் கிடந்தன. ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்கு வந்ததாம். ஏழை எளியவனுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் குளங்களில் விட்டிருக்கிறார்கள். நாங்களும் முகம் கோணாமல் அதற்கு 'ஜிலேபி' என்று இனிப்புப் பெயர் வைத்தோம். எங்கள் விரால் மழை பார்த்துக் குஞ்சு பொரிக்கும். ஜிலேபி காலண்டரே பார்ப்பதில்லை, வருஷத்துக்குப் பல ஈடு. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். கூட்டம் பெருகி இரை பற்றாமல் போனாலும் கவலைப்படாது, விரல் நீளத்திலேயே நின்றுகொண்டு பிள்ளை பெறும். அதன் வாய்க்குள் குடும்பம் பத்திரமாக இருந்தது. மற்ற மீன்களின் குடும்பம்தான் தெருவுக்கு வந்தது.

கரைக்கு மேலே கதை வேறு மாதிரி இல்லை. சீமைக்கருவேலம் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்துச் சொத்து. 1877 வாக்கில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்கு வரவழைத்தது. என் அப்பா அதை வயலுக்கு வேலியாக ஊன்றினார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம், விறகும் கிடைக்கும் என்று அப்பத்தாவுக்கு வாயெல்லாம் பல். ஆடுகள் இனிப்பான நெற்றைத் தின்று, வயிற்றில் ஊறிய விதையை எருவோடு சேர்த்து ஊர் முழுக்க நட்டுவைத்தன. சம்பளம் கேட்காத தோட்டக்காரர்கள். வேலி பயிரை மேயும் என்பதை அதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தோம்.

2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அகற்றச் சொன்னது. பொக்லைன் வந்தது, கைதட்டினோம். அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது, பொக்லைன் போனது. 2022-இல் அயல் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. இதற்கிடையில் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எங்கள் பக்கம் பல வீட்டில் உலை கொதிக்கிறது. ஆகவே அதைத் திட்டுகிறவர்களும் அரைவாய் மட்டுமே திறந்து திட்டுகிறார்கள்.

மறுபடி தண்ணீருக்குள் வந்தால், பண்ணைகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2000-இல் தடை போட்டது. கண்மாய்க்குத் தப்பிவந்த கெளுத்திக்கு அந்த உத்தரவு நகல் வந்து சேரவில்லை.

மிச்சமிருப்பது ஆகாயத்தாமரை. வங்காளத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து, அது ஆறுகளை அடைத்துக்கொண்ட பிறகு, 1936-இல் அந்தச் செடிக்கு எதிராகச் சட்டமே போட வேண்டியிருந்தது. எங்கள் கண்மாயில் வரத்துக்கால் இருந்த இடத்தில் வீட்டுமனை வந்துவிட்டது. மழைத்தண்ணீர் வழி தெரியாமல் நிற்கிறது. புதுமனைச் சாக்கடை மட்டும் வழி தவறாமல் வந்து சேர்கிறது. அந்தச் சாக்கடையைக் குடித்துத்தான் ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மெத்தை விரிக்கிறது. அதற்கடியில் வெளிச்சமும் இல்லை, மீனுக்கு மூச்சும் இல்லை. போன வருஷம் ஊர்க்கூட்டத்தில், "இந்தச் சனியனை எந்தப் புண்ணியவான் கொண்டாந்து விட்டானோ!" என்று ஒருவர் கத்தினார். எல்லாரையும் விடப் பலமாகத் தலையாட்டியவன் நான்.

1974-இல், டவுன் தெப்பக்குளத்தில் அந்தப் பூவைப் பார்த்தேன். இளம் ஊதா இதழ், நடுவே மயிற்பீலிக் கண் போல ஒரு மஞ்சள் பொட்டு. அக்காவுக்குக் காட்டலாமென்று ஒரு செடியைத் தூக்குவாளியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் தண்ணீர் தளும்பி டிராயர் நனைந்தது. அக்கா பார்த்து முடித்ததும் தூக்கிப்போட மனசில்லை. உயிர்தானே, பாவம். கண்மாய் ஓரத்தில் விட்டேன்.

இந்தச் சித்திரையில் சென்னையிலிருந்து பேரன் வந்திருந்தான். துண்டு வீச்சைப் படம்பிடிக்க மேலே டிரோன் சுற்றியது. அய்யாவின் இடத்தில் நான் நின்று ஊத்தாவைக் குத்தினேன். ஜிலேபி. மறுபடி குத்தினேன். ஜிலேபி. மூன்றாம் தடவை கையை விட்டதும் புறங்கையில் அரம் வைத்து இழுத்தது போல் இருந்தது. ரத்தத்தோடு வெளியே எடுத்தால், முதலைத்தோல் போர்த்தியது போல் கறுத்த ஒரு மீன். வாய் மட்டும் அடிப்பக்கம்.

"சக்கர் மீன்! வலையக் கிழிச்சிரும், தூக்கிக் கரையில எறிங்கண்ணே" என்றார் பக்கத்தில் நின்றவர்.

கரையிலிருந்து பேரன் ஓடிவந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"தாத்தா, இது எங்க வீட்டுத் தொட்டியில இருந்தது! பெருசாயி இடம் பத்தல. பாவமா இருந்துச்சு. பொங்கலுக்கு வந்தப்ப நான்தான் இங்க விட்டேன். எப்படி வளந்திருச்சு பாருங்க!"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். டிராயர் நனைந்த ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"கையில என்ன தாத்தா ரத்தம்?"

அய்யா சொல்லிக்கொடுத்ததில் ஒரு வரி குறைவாக இருந்தது. வழுக்கினால் விரால். குத்தினால் கெளுத்தி. ஒன்றும் பண்ணாவிட்டால் கல். கிழித்தால், நம் வீட்டிலிருந்து போனது.