மிதக்கும் பாதை: குருமண்வெளித் துறையில் நிகழ்ந்த சைபீரிய ஆய்வு

சைபீரியாவை வாகனத்தில் கடக்க நினைப்பவர் முதலில் எங்கள் வாவியின் இக்கரைக் குருமண்வெளியிலிருந்து அக்கரை மண்டூருக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டவேண்டும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். இதை நிறுவவேண்டிய தேவை ஓர் ஆவணி மாதத்தில் எழுந்தது. சுவிசிலிருந்து வந்திருந்த மச்சான் எங்கள் விறாந்தையில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, சைபீரியாவின் லேனா ஆற்றை எந்த மாதம் கடப்பது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு எப்படிப் போகப்போகிறோம் என்று கேட்டேன். வரைபடத்தில் மண்டூர் இல்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. பாதை என்றால் வழி என்று அகராதி சொல்லும். வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கோ ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவைதான் பாதை. வள்ளங்களையோ மிதவைகளையோ பக்கம் பக்கமாகப் பிணைத்து மேலே தளம் அடித்தால் முடிந்தது. முன்பு கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், பிறகு இயந்திரம் வந்தது. "பாதை அங்கால போயிட்டு" என்று துறையில் ஒருவர் சொன்னால் வெளியூர்க்காரர் அதில் தத்துவம் தேடுவார். நாங்கள் நிழல் தேடுவோம்.

ரஷ்யரும் இந்தத் துறையில் சும்மா இருக்கவில்லை. உறைந்த ஆற்றின் மேலும் சதுப்பின் மேலும் ஓடும் பனிக்கால வழிக்கு 'சிம்னிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆற்றை வீதியாக்கினார்கள், நாம் வீதியை வள்ளமாக்கினோம். எது மேலான கண்டுபிடிப்பு என்ற கேள்விக்கு இந்த ஆய்வாளரிடம் நடுநிலையை எதிர்பார்க்கவேண்டாம்.

தெற்கிலிருந்து வரும் லேனா நெடுஞ்சாலை யாகுட்ஸ்க் நகரத்துக்கு எதிரே, நீஸ்னி பெஸ்தியாக் என்ற ஊரில் லேனா ஆற்றங்கரையோடு நின்றுவிடுகிறது. நகரம் அக்கரையில். கோடையில் பெரிய படகு, கடுங்குளிரில் பனிக்கட்டி மேல் வாகனம். ஆனால் பனி பிடிக்கும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் படகும் ஓடாது, பனியும் தாங்காது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சனம் வாழும் நகரம் வீதித் தொடர்பு அறுந்து தீவாகிவிடும். வாவியின் மேற்கே உள்ள எங்கள் படுவான்கரை மக்கள் இதைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவ மழை பிடித்தால் வாவி ஏறும். வெல்லாவெளிப் பக்கத்து வீதிகள் வயலோடு வயலாகிவிடும். முகத்துவாரத்தை வெட்டிவிடு, வெட்டாதே என்று வயல்காரரும் மீன்காரரும் வாதாடுவார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் உழவு மிசின் மட்டும் போன இடமும் உண்டு, அதுவும் போகாத இடமும் உண்டு.

அடுத்து, அளவை. யாகுட்ஸ்கில் பனியின் தடிப்பை அளந்து, இத்தனை தொன் வரை போகலாம் என்று பலகை எழுதி நடுகிறார்கள். குருமண்வெளியில் அளவுகோல் வாய்ச்சொல்தான். "இந்தா வருது" என்றால் பாதை இன்னும் மண்டூர்க் கரையில் நிற்கிறது. "ஒள்ளுப்பம் நில்லுங்க" என்றால் வந்துவிட்டது, ஆனால் ஆள் காணாது. "ஏறுங்ககா" என்று சொன்ன பிறகும் ஒரு தயிர்ச் சட்டிக்காரருக்காகக் காத்திருப்பது மரபு. மச்சான் கைக்கடிகாரத்தை மூன்று முறை பார்த்தார். நாலாம் முறை அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். அவருடைய சைபீரியத் தகுதி தொடங்கியது அந்தக் கணத்தில்தான் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பு விதிகளிலும் ஒற்றுமை வியப்பூட்டும். பனிமேல் ஓட்டும்போது ஆசனப் பட்டியை அவிழ்த்துவிடச் சொல்வார்கள், உடைந்தால் வெளியே பாயவேண்டுமே. பாதையில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மச்சான் தலைக்கவசத்தையும் கழற்றாமல், மீன் கூடைக்கும் ஒரு கிழவியின் வெற்றிலைப் பைக்கும் நடுவில் நின்றார். "எங்க மனே, சண்டைக்கா போறாய்?" என்று கேட்டாள் கிழவி.

பாலம் வந்தால் இந்தக் கலை அழியும். வாவியின் வேறொரு துறையான மண்முனையிலும் பாதைதான் இருந்தது. 2014 இல் ஜப்பானிய உதவியோடு பாலம் வந்தது, இப்போது கொக்கட்டிச்சோலைக்கு ஒரு நிமிடத்துக்குள் வாவியைக் கடந்துவிடலாம். நோயாளிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது பெரிய காரியம், மறுக்க முடியாது. ஆனால் ஆர் வீட்டில் கல்யாணம், எந்த வயலில் பன்றி என்ற செய்தியெல்லாம் கைமாறிய அந்த நேரத்தைப் பாலம் விழுங்கிவிட்டது.

மண்டூரில், சின்னக் கதிர்காமம் என்று சொல்லும் அந்தக் கோயிலில், வாயைக் கட்டிக்கொண்டு பூசகர் செய்யும் பூசையை மச்சான் வாய் பேசாமல் பார்த்தார். வெளியே வர இருட்டிவிட்டது. துறைக்குப் போனால் ஆள் இல்லை, கடைசிப் பாதையும் போயிருந்தது. வேறு வழியில்லை. வெல்லாவெளி, பெரியபோரதீவு என்று சுற்றிக்கொண்டு, பின்னாலிருந்த மச்சான் மடியில் தயிர்ச் சட்டியோடு, பட்டிருப்புப் பாலத்துக்கு வந்தோம். பாலத்து நடுவில் என் தோளைத் தட்டினார்.

"மச்சான், லேனாவுக்கும் இப்படிச் சுத்திப் போக ஒரு பட்டிருப்பு இருக்கா?"

"மறுகா வீட்ட போய் வரைபடத்தப் பாப்பம்," என்றேன். "முதல்ல சட்டிய நேராப் பிடி."