லேப்டாப் திரைக்கோடுகள்: தோற்றமும் வளர்ச்சியும்

வயதான லேப்டாப்பின் திரையில் ஒரு நாள் கோடு விழுகிறது. அது ஏன் விழுகிறது, விழுந்தபின் உரிமையாளர் செய்யத்தக்கது யாது என்பன இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இத்துறையில் முறையான ஆய்வு எதுவும் இதுவரை நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் அப்படித் தொடங்குவதும் மரபே. இரண்டையும் போற்றி மேலே செல்கிறோம்.

டெஸ்க்டாப் நமது ஆய்வு எல்லைக்குள் வராது. அதில் கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் பிரச்சினை தீர்ந்துவிடும். தீர்ந்துவிடும் பிரச்சினையை வைத்து முனைவர் பட்டம் வாங்க முடியாது. லேப்டாப்பில் பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டோடு சேர்த்துச் சாலிடர் செய்திருப்பார்கள் ஆதலின் அதுவே ஆய்வுக்கு உகந்தது.

முதன்மை ஆதாரம், ஆய்வாளரின் சொந்த லேப்டாப். துணைமை ஆதாரங்கள், சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் கிடைத்த சர்வீஸ் பில், அதன் ஓரக்குறிப்புகள், மேல்வீட்டுத் தம்பியின் வாய்மொழித் தரவுகள். கள ஆய்வில் வாங்கித் தரப்பட்ட டீக்கு நன்றி.

திரைக்குறைகள் நான்கு வகைப்படும்: கட்டம், சிமிட்டல், இருட்டு, கோடு. கட்டம் என்பது கட்டம். சிமிட்டல் ஆய்வாளருக்குத் தலைவலி தந்ததால் விடப்பட்டது. இருட்டில் காண ஒன்றுமில்லை. எஞ்சிய கோட்டின் காலத்தை முதலில் நிறுவ வேண்டும்.

லேப்டாப் உயிர் பெறுவதை லோகோ காலம், லோகோ மருவிய காலம், டெஸ்க்டாப் காலம் என மூன்றாகப் பகுப்பர். பவர் பட்டனை அமுக்கியது முதல் கம்பெனி முத்திரை மறையும் வரை லோகோ காலம். புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பது லோகோ மருவிய காலம். இக்காலத்து இலக்கியம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அதன்பின் வருவது டெஸ்க்டாப் காலம். கோடு லோகோ காலத்திலேயே தென்பட்டால் அப்போது விண்டோஸ் டிரைவர் ஏறியே இருக்காது ஆகையால் பழுது வன்பொருளில்தான் என்பது பெறப்படும். டிரைவரை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் பயனில்லை. இவ்வளவில் விவாதம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் எந்தப் பொருள் கிடைத்தாலும் அதைச் சில நூற்றாண்டு முன்னே தள்ளினால்தான் உறக்கம் வரும் அறிஞர் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள், கோடு லோகோவுக்கும் முற்பட்டது, பவர் பட்டனுக்கும் முற்பட்டது, லேப்டாப்பை வாங்கிய கடையின் கண்ணாடிப் பெட்டியிலேயே அது இருந்தது என்கிறார்கள். சான்று கேட்டால் மேலும் அகழ வேண்டும் என்கிறார்கள்.

கோடு டெஸ்க்டாப் காலத்தில் மட்டும் தோன்றி சேஃப் மோடில் மறைந்தால் டிரைவர்வாதிகள் வெற்றி முழக்கமிடுவர். ஆனால் சேஃப் மோடில் விண்டோஸ் சிப்பை அதிகம் வேலை வாங்குவதில்லை. படுத்தே கிடக்கும் நோயாளிக்கு மூச்சிரைக்கவில்லை என்பதை வைத்து அவர் தேறிவிட்டார் என முடிவுகட்ட இயலாது. கல்வெட்டுச் சான்றும் ஒன்று உண்டு. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருந்து அதன் மேல் இருமுறை சொடுக்கினால் ‘கோட் 43’ என்று இருக்கலாம். சாதனம் தனக்குப் பிரச்சினை என்று சொன்னதால் நிறுத்திவைத்தோம் என்பது அதன் கருத்து. என்ன பிரச்சினை என்று சொல்லாது.

இனி அகச்சான்று, புறச்சான்று. கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு போனுக்கு அனுப்பிப் பார்த்தால் அது அகச்சான்று. போனிலும் கோடு தெரிந்தால் திரைமீது குற்றமில்லை. தெரியாவிட்டால் பெரும்பாலும் திரையோ அதற்குச் செல்லும் ஒயரோதான் காரணம். மூடியை முன்பின் அசைக்கும்போது கோடு இடம் மாறினால் கீல் அருகே உள்ள ஒயர். ஹெச்.டி.எம்.ஐ. ஒயரால் டிவியில் இணைத்துப் பார்ப்பது புறச்சான்று. அங்கும் அதே கோடு ஓடினால் சந்தேகம் சிப்பின் மேல் விழும். இச்சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. இந்த இரண்டு குறைகளாலும் அறிஞர் உலகம் இதை ஏற்கவில்லை. ஓர் ஒயரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கருத்தரங்கு நடத்த முடியும்?

வரலாற்றுக்கு வருவோம். 2008 ஜூலை 2 அன்று என்விடியா நிறுவனம், தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்கள் சில வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதாகவும், அதற்காக 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாகவும் அறிவித்தது. மூலக் காரணத்தை இன்னும் கண்டறிய முடியவில்லை என்றது. சிப்பைப் பொதியும் பொருளின் பலவீனம், லேப்டாப்பின் வெப்ப வடிவமைப்பு, வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றுக்கு இதில் பங்கிருப்பதாகவும் சேர்த்துக்கொண்டது. பணத்தை ஒதுக்கியாயிற்று, காரணம் நிறுவப்படவில்லை, பழியில் வாசகருக்கும் ஒரு பங்கு. ஆய்வு மாணவர்கள் முடிவுரை எழுதப் பழக இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடையாது. 2011-ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோக்கள் சிலவற்றிலும் கிராபிக்ஸ் சிப் படுத்து, ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது.

சிப்புக்குள் நடப்பது இதுதான். சிலிக்கான் துண்டு, அதைத் தாங்கும் சிறு பலகைமேல் கண்ணுக்குத் தெரியாத சாலிடர்ப் புள்ளிகளால் ஒட்டியிருக்கிறது. வேலை செய்தால் சூடாகும், அணைத்தால் ஆறும். சிலிக்கானும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. இந்த இழுபறியில் புள்ளிகள் நாளடைவில் விண்டுபோகின்றன.

இதற்கு மருந்தாகச் ‘சூடுகாட்டல்’ என்னும் பள்ளி தோன்றியது. இப்பள்ளியின் மூல வாக்கியம்: “ஹீட் பண்ணித் தரேன் சார். வந்தா வரும். கேரண்டி மட்டும் கேக்காதீங்க” (சர்வீஸ் பில், பின்பக்கம், டீக்கறைக்குக் கீழ் 3-ஆம் வரி). இதற்கு இன்னொரு மெக்கானிக் சிவப்பு மையில் எழுதிய உரையில் ‘வந்தா இருக்கும்’ எனப் பாடபேதம் காணப்படுகிறது (மேற்படி பில், டீக்கறை ஊடுருவிய முன்பக்கம், ஜி.எஸ்.டி. எண்ணுக்கும் பிள்ளையார் சுழிக்கும் இடைப்பட்ட வெளி, ஸ்டேப்ளர் பின் துளைத்ததால் ஓர் எழுத்து சிதைந்துள்ளது, அதை ‘இ’ எனக் கொண்டவர் மேல்வீட்டுத் தம்பி, ‘இ’ அன்று ஈயின் எச்சம் எனக் கொண்டவர் அவருடைய அம்மா). அம்மாவின் பாடமே வலியது என்பது நம் துணிபு.

இப்பள்ளியின் தீவிரவாதிகள் மதர்போர்டைக் கேக் ஓவனில் வைத்து 200 டிகிரி செல்சியஸில் சுடுகின்றனர். வழக்கமான ஈயம் கலவாத சாலிடர் உருக 217 டிகிரியாவது வேண்டும். எனவே சாலிடர் உருகுவதில்லை. சூட்டின் விரிவில் விண்டுபோன புள்ளிகள் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. சில வாரம் ஓடும், பிறகு படுத்துவிடும். ரீபால் செய்வோர் சிப்பொதிக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் உள்ள உருண்டைகளை மாற்றுகிறார்கள். விரிசல் அதற்கு மேல்தளத்தில் இருந்தால் பில் தொகை மட்டுமே மாறும். ஓவனில் அதன்பின் கேக் செய்யலாமா என்ற வினாவுக்கு, கூடாது என்பதே விடை.

சூட்டை வருமுன் குறைப்போர் ‘தூசுப் பள்ளி’யினர். அடிமூடியைக் கழற்றினால் விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை இருக்கும். ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். சிப்பின் மேல் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து வெடித்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைக்க வேண்டும்.

மெத்தைமேல் லேப்டாப்பை வைத்தால் காற்றுவழி அடைபடும். அடியில் உயரம் கொடுக்க, ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த முனைவர் பட்ட ஆய்வேடுகள் இரண்டு மிகவும் ஏற்றவை. நாவல் ஒருபக்கம் சரிகிறது. சமையல் நூல் நடு வளைந்திருக்கிறது. ஆய்வேட்டை வழிகாட்டி உட்பட எவரும் பிரித்ததில்லை ஆதலின் அதன் முதுகு கட்டிய நாளன்று இருந்தபடியே இருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் கணினித்துறைக்கு ஆற்றிய தொண்டு பற்றிப் பேசுவோர் இதை விட்டுவிடுவது வருத்தத்திற்குரியது.

முடிபு வருமாறு. தனிச் சிப் போய்விட்டாலும், பல லேப்டாப்புகளில் பிராசசருக்குள்ளேயே இன்னொரு கிராபிக்ஸ் உண்டு. டிவைஸ் மேனேஜரிலோ பயாஸிலோ தனிச் சிப்பை முடக்கிவிட்டால் கனமான விளையாட்டு ஓடாது, கட்டுரை அடிக்கலாம். முடக்க வழியில்லாத மாடலாக இருந்தால் சூடுகாட்டப் பணம் கொடுக்காதீர்கள். அதைப் புது லேப்டாப்புக்கு எடுத்துவையுங்கள். திரை இருண்டதும் போட்டோவெல்லாம் போச்சே என்று அழ வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்கு இதில் சம்பந்தமே இல்லை. கழற்றி ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டால் பெரும்பாலும் வேறு கணினியில் திறக்கும். டிஸ்க்கையும் போர்டோடு சாலிடர் செய்த மாடல் என்றால், கோடு விழுந்த அன்றே பேக்கப் எடுத்துவிடுங்கள்.

இவ்வாய்வை மேலெடுத்துச் செல்ல விரும்பும் மாணவர்கள் சொந்த லேப்டாப்புடன் வரவும். ஹெச்.டி.எம்.ஐ. ஒயர் இங்கே இருக்கிறது. ஆய்வேடு வைத்திருப்போர் இரண்டு பிரதி கொண்டுவரவும்.